மேற்கோளும் இணைப்பும்

விழா மலர் வெளிவரும் இந்நன்னாளில், மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒருங்கே பயன்படத்தக்க பொருளொன்றைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

அண்மையில் எம் மாணவன் ஒருவன் 'நுரைச்சோலை' என்னும் ஊர்ப் பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பார்த்தான். 2011ஆம் ஆண்டில் தொழிற்படத் தொடங்கிய அனல் மின்நிலையமும் அதன் நிலக்கரியுமே திரையை நிறைத்தன. மணற்றரையில் விளையும் மரக்கறியையும், கரைவலைத் தொழிலையும், ஊர் வழக்குகளையும் பற்றிப் பழைய மாணவர் எழுதிய கட்டுரைகள் எம் இணையத்தளத்தில் இருந்தும் அவை தோன்றவில்லை. "நமது ஊரில் வேறொன்றும் இல்லையா, ஐயா?" என்று அவன் வினவினான். அவ்வினா எம் நெஞ்சைத் தைத்தது. உள்ளதை உலகிற்குக் காட்டும் வழியை நாம் செய்யவில்லை என்பதே உண்மை.

இணைப்பாவது யாது? ஒரு பக்கத்திலுள்ள சொல்லைத் தொட்டதும் பிறிதொரு பக்கத்திற்கு அழைத்துச் செல்லும் வழியாம். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவராயிருந்த லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இருவரும், இவ்விணைப்புகளைக் கொண்டு பக்கங்களின் தகுதியை அளக்கும் முறையை 1998இல் வெளியிட்டனர். கூகுள் தேடுபொறி அதன்மேல் எழுந்ததேயாகும்.

தமிழ் கற்றோர்க்கு இம்முறை புதிதன்று. வளையாபதி முழுநூலாக நமக்குக் கிட்டவில்லை. எனினும் புறத்திரட்டுத் தொகுத்தோரும் உரையாசிரியரும் எடுத்தாண்டமையால் அதன் செய்யுட்கள் சில எஞ்சின. பிறர் எடுத்துக்காட்டுவதே நூலுக்கு உயிர். இணைப்பே பக்கத்திற்கு உயிர்.

எடுத்துக்காட்டுவோரின் தகுதியும் நோக்கப்படும். நூறு பங்கு மதிப்புடைய பக்கம் இரண்டு இணைப்புகளை மட்டும் தருமாயின் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது பங்கு பெறும். நூறு இணைப்புகளைத் தருமாயின் ஒவ்வொரு பங்கே பெறும். ஆகவே, கண்டவிடமெல்லாம் பெயர் பொறிப்பதினும் சான்றோர் ஒருவர் சுட்டுவதே மேலாம். இக்காலத் தேடுபொறிகள் வேறு பல குறிகளையும் நோக்குமாயினும் இணைப்பின் சிறப்பு இன்னும் குன்றவில்லை.

இனிச் செயற்பாலன கூறுவாம்.

முதலாவது, இணைக்கத்தக்க பொருள் வேண்டும். பழைய மலர்களின் பக்கங்களைப் படமாக மட்டும் இடாது, எழுத்துருவில் தட்டச்சிட்டு, ஆசிரியர் பெயரும் ஆண்டும் குறித்தல் நன்று.

இரண்டாவது, இணைப்புச் சொல் பொருளுணர்த்துவதாக இருத்தல் வேண்டும். 'இங்கே சொடுக்குக' என்பதனால் பயனில்லை. 'நுரைச்சோலையின் கரைவலைத் தொழில்' என்பதே தகும்.

மூன்றாவது, தளத்தினுள்ளேயே ஒரு கட்டுரை மற்றொன்றைச் சுட்டவேண்டும். எவரும் சுட்டாத பக்கம் கதவில்லா அறையை ஒக்கும்.

நான்காவது, முகவரியை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிவிடுக. அன்றேல் பிறர் தந்த இணைப்புகள் யாவும் பாழாகும்.

ஐந்தாவது, ஒத்த பொருளுடையோரின் நட்பை நாடுக. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஏடுகளைத் தொகுத்து வருகின்றது. அதற்கு எம் மலர்களை அளிக்கலாம். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஊர்க் கட்டுரையைச் சான்றுடன் செம்மை செய்யலாம். அங்குள்ள வெளியிணைப்புகள் மதிப்பைக் கடத்தாதவாறு குறியிடப்பட்டவையேனும், அவற்றைப் படிப்போர் எம் பக்கத்தை அறிந்து பிறிதோரிடத்தில் சுட்டக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறு பணத்திற்கு ஆயிரம் இணைப்புகள் தருவதாக வணிகர் ஒருவர் எம்மை அணுகினார். மாணவர் சிலர் மகிழ்ந்தனர், நாம் மறுத்தோம். அத்தகைய போலி இணைப்புகளால் உயர்ந்த தளங்களைத் தாழ்த்தும் பெங்குயின் என்னும் ஏற்பாட்டைக் கூகுள் 2012லேயே புகுத்திவிட்டது. விலைக்கு வாங்கிய புகழ் விரைவில் அழியும். நேர்மையே ஈண்டும் நெடுநாள் நிற்கும்.

பழைய மாணவர்களே! நீவிர் பல்கலைக்கழகத்திலோ, அலுவலகத்திலோ, அயல்நாட்டிலோ பணியாற்றுவீர். உங்கள் தளங்களில் கல்லூரிக் கட்டுரை ஒன்றையேனும் உரிய பெயரால் சுட்டுவீராயின், நாளை ஊர்ப்பெயரைத் தேடும் சிறுவன் நிலக்கரியுடன் தன் பாட்டனார் இழுத்த கரைவலையையும் காண்பான். அதுவே நாம் வேண்டும் குருதட்சிணை.