வார்ப்பு வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

1. எண்ணூரில் எந்தப் பட்டறையில் சேர்ந்தாலும், முதலில் காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி ஒன்றுக்குப் போய் வாருங்கள். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிய கேனில், சுவரிலிருந்து உள்நோக்கித்தான் ஐஸ் பிடிக்கும். கட்டியின் ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடு மட்டும் வெள்ளையாக இருக்கும். தண்ணீரில் கரைந்திருந்த காற்றையும் உப்பையும் ஐஸ் தன்னோடு சேர்ப்பதில்லை. முன்னே தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் அவை நடுவில் சிக்குகின்றன.

2. சிலிண்டர் ஹெட்டுக்கு ஊற்றும் அலுமினியத்திலும் நடப்பது இதுதான். 7 சதவீதம் சிலிக்கான் உள்ள உலோகம் சுமார் 613 டிகிரியில் உறையத் தொடங்கி 577-இல் முடியும். முதலில் உறையும் திடத்தில் சிலிக்கான் 1 சதவீதம்கூட இராது. மிச்சமெல்லாம் திடமும் திரவமும் சந்திக்கும் உறைமுகத்துக்கு முன்னால் மெல்லிய படலமாகக் குவியும். அங்கே உறைநிலை இறங்கிவிடும். சற்றுத் தள்ளியுள்ள திரவத்துக்கு உறைநிலை அதிகம். அதன் சூடு அந்த நிலைக்குக் கீழே இருந்தால், முகத்தில் எழும் சின்ன மேடுகூட முந்திக்கொண்டு வளரும். தட்டையாக இருந்த முகம் குலைந்து கிளை கிளையாகும். 1953-இல் டில்லர், ஜாக்சன், ரட்டர், சால்மர்ஸ் நால்வரும் இதைக் கணக்காகச் சொன்னார்கள். மிகச் சிறிய மேடுகளைப் பரப்பு இழுவிசை அமுக்கிவிடும் என்பதை 1964-இல் மல்லின்ஸும் செகெர்க்காவும் சேர்த்தார்கள்.

3. வெப்பச் சரிவு செங்குத்தாகவும் உறையும் வேகம் குறைவாகவும் இருந்தால் முகம் தட்டையாக நிற்கும். மணல் மோல்டில் அதை எதிர்பார்க்காதீர்கள். நொடிக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வேகத்துக்கே, ஒரு மில்லிமீட்டருக்கு நூறு டிகிரி அளவில் சரிவு வேண்டும். ஒற்றைப் படிக டர்பைன் பிளேடுகூடக் கிளைவிட்டுத்தான் வளர்கிறது.

4. ஆகவே கிளைகளை ஒழிக்க முடியாது, ஒழுங்குபடுத்த முடியும். தடித்த இடத்தில் சில் (சூட்டை இழுக்கும் இரும்புத் துண்டு) வையுங்கள், உறைதல் ரைசரை (உருகிய உலோகத்தை ஊட்டும் தேக்கத்தை) நோக்கி நகரட்டும். சரிவு கூடினால் திடமும் திரவமும் கலந்த பகுதி குறுகும், ரைசரின் உலோகம் கிளைகளுக்கு இடையே எளிதாகப் புகும். சுருக்கக் குழி குறைவதற்கு அதுவே காரணம்.

5. கடற்காற்றில் இரவு முழுக்கக் கிடந்த சில்லில் ஈரம் படியும். துருவைத் தேய்த்து, சூடேற்றிய பிறகே மோல்டில் வையுங்கள். ஈர சில் காற்றுக்குழியைத் தரும்.

6. ரிஜெக்ட் ஆன வார்ப்பை அறுக்காமல் உலைக்கு அனுப்பாதீர்கள். அறுத்து, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கிளைகளின் இடைவெளியை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள்.