ரெட் டாட் கேட்ட மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது.  

இந்தத் தடவை பிரான்சிலிருந்து வரும்போது கைக்கு அடக்கமான, சிவப்புப் புள்ளி காட்டுகிற ரெட் டாட் குறி ஒன்று வாங்கி வரும்படி கேட்டிருந்தாய். அதை உன் ஏர் ரைஃபிளில் மாட்டினால் போட்டிக்கும் பழகிக்கொள்ளலாம், அறுப்பு முடிந்ததும் நெடுங்காடு பக்கம் வயலில் கொக்கும் மடையானும் அடிக்கலாம் என்று எழுதியிருந்தாய். எந்த கம்பெனி நல்லது, எத்தனை எம்.ஓ.ஏ. எடுக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளக்காரராக, இருந்தவர். நானும் இங்கே பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் துப்பாக்கி விஷயத்தை என்னிடம் கேட்டது சரிதான். உன் கேள்வியில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் பொருளுக்கு வர வேண்டும்.

முதலில் வயல் பக்கத்து வேலை. அது வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காரைக்காலுக்கும் உண்டு. கொக்கு, நாரை, மடையான் எல்லாம் அதன் பட்டியலில் இருக்கும் பறவைகள். கொன்றால்தான் குற்றம் என்று நினைத்துவிடாதே. பிடிப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். மூன்று வருஷம் வரை சிறை உண்டு. 2022-இல் திருத்தம் வந்தபின் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். பிடித்த துப்பாக்கியும் திரும்பி வராது. காக்கி உடுப்புக்குப் போக நினைக்கிற பையன் பெயரில் இப்படி ஒரு வழக்கு வரவே கூடாது.

சட்டம் கிடக்கட்டும். டிராக்டர் உழுதுகொண்டு போகும்போது பின்னாலேயே நடக்கிற உண்ணிக்கொக்கு, மண்ணிலிருந்து கிளம்புகிற பூச்சியைத்தான் தின்கிறது. அது அத்தானின் வயலுக்குச் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற பறவை. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவையால் பயிருக்கு நன்மை என்பதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு எரு என்று கண்டு, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் சுடுவதை எதிர்த்தார்கள். 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்து மூலமாகவே கொடுத்தார். நம் பக்கம் மழைக்காலத்தில் இறங்குகிற வலசைப் பறவைகள் பலவும் தெற்கே கோடியக்கரைக்குப் போகிறவை. அந்தச் சரணாலயம் 1967-இல் வந்தது. நம் வயல்களும் வாய்க்கால்களும் அவற்றுக்கு வழியில் இரை கிடைக்கிற இடங்கள். அந்தப் பறவைகளை, வாங்கி வந்த விளையாட்டுச் சாமானால் சுட்டுத் தள்ளுவதற்கு என் கையால் கருவி கொடுக்க மாட்டேன்.

நீ யூடியூபில் பார்க்கிற வேட்டை இங்கே நடப்பது. பிரான்சில் காட்டுப்பன்றி பெருகிவிட்டது. ஆண்டுக்கு எட்டு லட்சம் அளவில் சுடுகிறார்கள். அதற்குப் பரீட்சை உண்டு, பெர்மி என்கிற உரிமம் உண்டு, ஆரஞ்சு நிறச் சட்டை கட்டாயம். ஆட்களும் நாய்களும் பன்றியைக் காட்டுக்குள்ளிருந்து கிளப்புவார்கள். ஓரமாக வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் அது குறுக்கே ஓடும். சுடக் கிடைப்பது இரண்டு மூன்று நொடி. ரெட் டாட் கைகொடுப்பது அந்த இரண்டு மூன்று நொடிக்குத்தான். நம் நாட்டிலும் பயிரை அழிக்கிற காட்டுப்பன்றிக்கு வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் 2022-இலிருந்து உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி கொடுக்க, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்கள் சுடுகிறார்கள். அது அரசு உத்தரவின் பேரில் நடக்கிற வேலை, பொழுதுபோக்கு ஆகாது. காரைக்காலில் காடும் இல்லை, அந்தத் தேவையும் இல்லை.

இனி போட்டி. நீ ஆசைப்பட வேண்டியது இதற்குத்தான். ஆனால் நீ கேட்ட பொருளை அங்கே வாசலுக்குள்ளேயே விட மாட்டார்கள். பன்னாட்டு துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதியில், பிஸ்டலுக்குத் திறந்த குறி மட்டுமே. மின்சாரத்தால் புள்ளி காட்டுகிற குறிகளுக்குத் தடை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் லென்ஸ் வைத்த குறி எதுவும் கூடாது. துளை வழியாகப் பார்க்கிற பீப் சைட்தான். ஆகாயத்தில் பறக்கிற களிமண் தட்டைச் சுடுகிற டிராப் போட்டியிலும் இதே கதை. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது குழல் நுனியில் இருக்கிற சின்னக் குமிழை வைத்துத்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், சென்னையில் பிறந்து 2012 லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நரங், 2008-இல் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா மூவரும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பீப் சைட் பார்த்துச் சுட்டவர்கள். ரெட் டாட் வைத்துச் சுடுகிற போட்டியும் உலகத்தில் உண்டு, ஓடி ஓடிச் சுடுகிற ஐ.பி.எஸ்.சி. என்கிற வகை. அதற்கு உரிமம் வாங்கிய துப்பாக்கி வேண்டும். உன் ஏர் ரைஃபிளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தடை செய்திருக்கிறார்களே என்று கோபப்படுவதற்கு முன்னால் கணக்கைப் பார். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர் அகலம். 10 மீட்டரில் 2.9 மில்லிமீட்டர். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற பொடியான 2 எம்.ஓ.ஏ. புள்ளி கூட 10 மீட்டரில் 5.8 மில்லிமீட்டரை மறைக்கும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் பத்தாம் புள்ளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். ஒன்பதாம் வளையத்தின் விட்டம் 5.5 மில்லிமீட்டர். ஆக, உன் சிவப்புப் புள்ளி பத்தையும் ஒன்பதையும் சேர்த்து மூடிவிடும். எதைக் குறி பார்க்கிறாய் என்பதே உனக்குத் தெரியாது.

இன்னொன்று, கடைக்காரர் சொல்லாதது. ரெட் டாட்டுக்குள்ளே பின்புறம் ஒரு சின்ன எல்.ஈ.டி. இருக்கிறது. முன்னால் வளைந்த கண்ணாடி. அதன் பூச்சு சிவப்பு வெளிச்சத்தை மட்டும் உன் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். அந்த வெளிச்சம் ரொம்பத் தூரத்திலிருந்து வருவதுபோல நேர்க்கோடாக வருவதால், முன்குறியையும் பின்குறியையும் ஒரே நேரத்தில் கண் சரிபார்க்க வேண்டியதில்லை. இரண்டு கண்ணையும் திறந்தபடியே சுடலாம். ஆனால் தூரத்துக்கென்று அமைத்த புள்ளியில், தலை 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் குறியும் 5 மில்லிமீட்டர் நகரும். 40 மீட்டரில் ஓடுகிற பன்றிக்கு அது ஒன்றுமே இல்லை. உன் அட்டையில் அது இரண்டு வளையம். பீப் சைட்டோ கண்ணை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிடும். பின்துளை, முன்வளையம், கறுப்பு வட்டம் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும்போது நடு தப்பினால் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

ரெட் டாட்டுக்கு மூலமான கண்ணாடிக் குறியை 1900-இல் கண்டுபிடித்தவர் அயர்லாந்துக்காரர் ஹோவர்ட் கிரப். தொலைநோக்கி செய்கிற குடும்பம். அந்தக் கிரப் பட்டறை செய்த 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்று புணேயிலிருந்து 1912-இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் இந்தியாவிலேயே பெரியது அதுதான். நட்சத்திரம் பார்த்தவர்களின் அறிவு துப்பாக்கிக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். எல்.ஈ.டி. போட்டு இப்போதைய வடிவத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1975-இல் சுவீடனின் எய்ம்பாயின்ட்.

இவ்வளவு சொன்ன பிறகும், மாடியில் அட்டை வைத்து ஆசைக்குச் சுட ஒன்று வேண்டும் என்றால், அதில் தப்பில்லை. அப்போது கம்பெனி பேரைப் பார்ப்பதற்கு முன்னால் இவற்றைப் பார். உன்னுடையது ஸ்பிரிங் ரைஃபிள் என்று எழுதியிருந்தாய். அது பின்னாலும் உதைக்கும், முன்னாலும் உதைக்கும். பெரிய துப்பாக்கியில் வருஷக்கணக்கில் நிற்கிற குறி கூட இந்த இரட்டை உதையில் ஆடிப்போகும். அதனால் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஆகும் என்று செய்தவரே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். துப்பாக்கி மேலே இருக்கிற பள்ளம் 11 மில்லிமீட்டர் டவ்டெயிலா, அகலமான பிகாட்டினியா என்று அளந்துபார். பொருந்தாத பிடி வாங்கிக் காசைக் கரைக்காதே. புள்ளி 2 எம்.ஓ.ஏ.வுக்கு மேல் வேண்டாம். வெளிச்சத்தை நன்றாகக் குறைக்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலத்தில் புள்ளி பூவாகப் பூத்து அட்டையை மறைக்கும். நம் ஊர்க் கடல் காற்றுக்கும் ஐப்பசி மழைக்கும் திறந்த வகை ஆகாது. உப்பும் ஈரமும் எல்.ஈ.டி. மேலேயே படியும். மூடிய குழல் வகையாகப் பார். பேட்டரி சி.ஆர். 2032 என்றால் காரைக்காலிலேயே எந்தக் கடையிலும் கிடைக்கும். பெரிய கம்பெனி பேரைப் பொறித்த போலிகள் இணையத்தில் நிறைய. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதே.

கண்ணையும் காட்டிவிடு. உனக்குப் புள்ளி உருண்டையாகத் தெரியாமல் வால்முளைத்த நட்சத்திரம்போலத் தெரிந்தால், கோளாறு பெரும்பாலும் பொருளில் இருக்காது. கண்ணில் சிலிண்டர் பவர் இருந்தால் அப்படித்தான் தெரியும். சந்தேகத்துக்கு கைபேசி கேமராவை அதன் பின்னால் வைத்துப் பார். கேமராவில் உருண்டையாக இருந்தால் கண் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

வாங்கினாலும் அங்கேயே கடையில் ரசீதோடு வாங்கு. ஆயுதத்துக்கான குறியைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு இரண்டு நாட்டு சுங்கத்தைக் கடப்பது எனக்கும் நல்லதில்லை, உனக்கும் நல்லதில்லை.

மாடியில் சுடுவது பற்றி ஒரே ஒரு கண்டிப்பு. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் இல்லாததால் அது பொம்மை ஆகிவிடாது. ஒரு பெல்லட் ஒரு குழந்தையின் கண்ணைப் பறித்துவிடும். அட்டைக்குப் பின்னால் பெல்லட் தாண்டாத கனமான தடுப்பு, அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத சுவர். இது இரண்டும் இல்லாவிட்டால் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்காதே. காலி என்று நீயே சத்தியம் பண்ணினாலும் குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது.

ரெட் டாட்டுக்கு ஒதுக்கின காசை வேறு வழியில் போடச் சொல்கிறேன். காரைக்காலிலிருந்து ரயிலேறினால் தஞ்சாவூர் வழியாகத் திருச்சி. அங்கே ரைபிள் கிளப் இருக்கிறது, மாநிலப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். விடுமுறையில் போய் ஒரு பயிற்சியாளரிடம் நிற்கும் முறையையும் மூச்சையும் விசையை இழுப்பதையும் கற்றுக்கொள். அவர்களுடைய பீப் சைட் ரைஃபிளில் சுட்டுப் பார். நீ புதுச்சேரி யூனியன் பிரதேசத்துப் பிள்ளை என்பதால், போட்டியில் எந்தச் சங்கத்தின் பேரில் இறங்க முடியும் என்பதை முதல் நாளே கேட்டுவிடு. எல்லை தாண்டினால் தமிழ்நாடு என்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் இதில்தான் கடைசி நேரத்தில் அலைவார்கள்.

பயிற்சிக் கட்டணத்தை மாமா கட்டுகிறேன். அக்காவிடம் சொல்லிவிட்டேன், அத்தானிடம் நீ சொல். கண் டாக்டர் கொடுக்கிற சீட்டையும், கிளப்பில் சேர்ந்த ரசீதையும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு. அதுவரை அந்த ஏர் ரைஃபிள் வயல் பக்கம் போகக் கூடாது.

இப்படிக்கு,
அன்புடன்,
மாமா