மீளும் நினைவு

மூப்பு வந்தால் மறதியும் வரும் என்பர். முதியோர் சிலரிடம் அம்மறதி வயதிற்குரிய அளவினும் மிகுந்து காணப்படும். ஆயினும் தம் அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்வர். இந்நிலையை மருத்துவ நூலார் ‘லேசான அறிவாற்றல் குறைபாடு’ என்பர். இக்குறை எய்தியோருள் சிலர் நாளடைவில் முதுமை மறதி நோய்க்கு ஆளாவர். சிலர் அந்நிலையிலேயே நிற்பர். சிலரோ பழைய தெளிவை மீண்டும் பெறுவர்.

மீட்சிக்குக் காரணம் யாது? வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்பியின் தளர்ச்சி, மனச்சோர்வு ஆகியவற்றால் வந்த மறதி, அக்காரணங்கள் நீங்கின் குறைதல் கூடும்.

உள்ளத்தின் நிலைக்கும் இதில் தொடர்பு உண்டு. அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெக்கா லெவி என்னும் அம்மையார், இக்குறை நேர்ந்தவரும் 65 வயது நிரம்பியவருமான 1,716 பேரைப் பற்றி ஆராய்ந்து, 2023ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டார். முதுமையை இழிவாக எண்ணியவரினும், மதிப்புடையதாக எண்ணியவர் மீளும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுந்திருந்தது. எண்ணம் ஒன்றே மருந்து என்பது இதன் பொருளன்று; மருத்துவரை நாடுதலும் வேண்டும்.

முதுமையைப் பற்றிய எண்ணம் முதுமையில் தோன்றுவதன்று. இளமை முதலே கேட்டும் பேசியும் பழகிய சொற்களால் உருவாவது. ‘கிழத்திற்கு என்ன தெரியும்?’ என எள்ளும் சிறுவன், பாட்டனாரின் ஊக்கத்தைக் கெடுப்பதோடு தன் முதுமைக்கும் தீங்கு விதைக்கின்றான். முதியவர் ஒரு பெயரை மறந்து தயங்குங்கால், நகையாது பொறுத்திருத்தல் இளையோர் கடனாகும்.