இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அழற்சியைக் கண்டறிய மருத்துவர்கள் அதிகம் எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைகள் இரண்டு. ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளப்பது இ.எஸ்.ஆர்.; கல்லீரலில் உருவாகும் ஒரு புரதத்தின் அளவைச் சொல்வது சி.ஆர்.பி. கிருமித் தொற்று, மூட்டுவாதம், காயம், அறுவை சிகிச்சை, புற்றுநோய் என எதனால் திசு பாதிக்கப்பட்டாலும் இரண்டும் உயரலாம். எங்கோ அழற்சி இருக்கலாம் என்று மட்டுமே இவை சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லா.

நம்பிக்கை: இ.எஸ்.ஆர். கூடியிருந்தால் உடம்பில் ஏதோ நோய் ஒளிந்திருக்கிறது.

சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921இல் வகுத்த முறையே இன்றும் இதற்கு அடிப்படை. உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்த ரத்தத்தை, 200 மில்லிமீட்டர் வரை அளவு குறித்த மெல்லிய குழாயில் நிரப்பி, நேராக நிறுத்தி, ஒரு மணி நேரம் அசைக்காமல் விடுகிறார்கள். செவ்வணுக்கள் மெல்லக் கீழே இறங்க, மேலே வெளிர்மஞ்சள் பிளாஸ்மா தெளிகிறது. தெளிந்த பகுதியின் உயரமே ரிப்போர்ட்டில் அச்சாகும் எண். அழற்சியின்போது ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் மிகுந்து, செவ்வணுக்களை நாணய அடுக்குபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறது. தனி அணுவைவிட அடுக்கு வேகமாக இறங்கும்.

ஆனால் அணுக்களை விரைந்து இறக்குவது அழற்சி மட்டுமல்ல. கர்ப்ப காலத்தில் ஃபைப்ரினோஜன் இயல்பாகவே கூடும். சுவீடனின் இன்னொரு மருத்துவர் ராபர்ட் ஃபாரேயஸ் 1918இல் இந்த மாற்றத்தைக் கவனித்தபோது, இதைக் கர்ப்பத்தைக் கண்டறியும் சோதனையாக்கலாம் என்றே முதலில் எண்ணினார். ரத்தசோகையிலும் அணுக்கள் வேகமாகப் படியும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உண்டு. ஆகவே ஒரு பெண்ணின் இ.எஸ்.ஆர். 35 என்று வந்தால், பயங்கர நோய்களைத் தேடுமுன் அவருடைய ஹீமோகுளோபினைப் பார்ப்பதே முறை.

வயதும் சேரும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10ஐக் கூட்டி அதில் பாதி என்பது உச்ச வரம்புக்கான எளிய கணக்கு. அப்படியானால் 70 வயதுப் பெண்ணுக்கு 40 வரை இயல்பே. ‘20க்குள்’ என்று எல்லோருக்கும் ஒரே வரம்பை அச்சடித்த ரிப்போர்ட்டிலோ அது தடித்த எழுத்தில் வந்து வீட்டையே கலங்கடிக்கும். பல பரிசோதனைகளின் ‘இயல்பு’ வரம்பு, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரை உள்ளடக்குமாறு வகுக்கப்படுவது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை நல்ல உடல்நலம் உள்ள ஒருவருக்குச் செய்தால், ஒன்றாவது வரம்பு மீறி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இ.எஸ்.ஆரையும் சேர்ப்பது இதனால்தான் நன்மையைவிடக் கவலையையே அதிகம் தருகிறது. தொந்தரவே இல்லாமல் சற்றே கூடியிருந்தால், உடலை நன்கு பரிசோதித்துவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது போதும். ஸ்கேன்மேல் ஸ்கேன் தேவையில்லை.

நூறைத் தாண்டினால் கதை வேறு. அப்போது பெரும்பாலும் காரணம் இருக்கும்: கடும் தொற்று, காசநோய், சிறுநீரக நோய், மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் போன்றவை. முதியவருக்கு விடாத முதுகுவலியும் ரத்தசோகையும் சேர்ந்து இ.எஸ்.ஆர். 110 என்று வந்தால் மைலோமாவுக்கான பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, மங்கலான பார்வை இவற்றோடு இந்த எண்ணும் உயர்ந்திருந்தால் பொட்டுத் தமனி அழற்சியாக இருக்கலாம்; உடனே ஸ்டீராய்டு தொடங்காவிட்டால் பார்வையே போகக்கூடும். இரண்டு இடத்திலும் தேடலைத் தொடங்கி வைப்பவை அறிகுறிகளே. எண் அந்தச் சந்தேகத்துக்கு வலுச்சேர்க்கிறது.

நம்பிக்கை: இரண்டும் நார்மல் என்றால் நோய் இல்லை.

ஆபத்தான நம்பிக்கை இது. முடக்குவாதம் தொடங்கும் காலத்தில் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தும் இரண்டும் இயல்பாக இருப்பவர்கள் கணிசம். லூபஸ் நோயில் இ.எஸ்.ஆர். ஏறியிருக்க, சி.ஆர்.பி. பலருக்கும் அசையாது. புற்றுநோய்கள் பலவும் இவற்றைத் தொடாமலே வளரும். காசநோயைச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கொண்டே தேட வேண்டும், இயல்பான இ.எஸ்.ஆர். அதை விலக்காது.

நம்பிக்கை: சி.ஆர்.பி. உயர்ந்தால் பாக்டீரியா, ஆன்டிபயாடிக் வேண்டும்.

நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் 1930இல் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறிந்த புரதம் இது. பாக்டீரியா நோயில் கண்டறியப்பட்டாலும் அதற்கே உரியதல்ல. கொரோனா காலத்தில் தமிழ் வீடுகளில் இந்தப் பெயர் புழங்கியதற்குக் காரணமே, வைரஸால் வந்த அந்த நோயிலும் அது எகிறியதுதான். மிக உயர்ந்த அளவு பாக்டீரியாத் தொற்றின் பக்கம் சாய்கிறது, அவ்வளவே. உடல்பருமனும் புகைப்பழக்கமும்கூட அதைச் சற்று உயர்த்தி வைக்கும்.

நம்பிக்கை: காய்ச்சல் விட்டும் இ.எஸ்.ஆர். இறங்கவில்லை, மருந்து வேலை செய்யவில்லை.

சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். அழற்சி அடங்கினால் நாள்தோறும் குறைவது தெரியும். ஃபைப்ரினோஜன் ரத்தத்தில் பல நாள் தங்கும். எனவே குணமான பிறகும் இ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்கில் ஆகலாம். சிகிச்சையின் பலனை அன்றாடம் அறிய சி.ஆர்.பி.யே ஏற்றது.

நம்பிக்கை: ஃபெரிட்டின் நார்மல் என்றால் இரும்புச்சத்துக் குறைவில்லை.

இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அழற்சியில் உயரும் புரதமே. உடலில் இரும்புச் சேமிப்பு வறண்டிருந்தாலும் அழற்சி அந்த எண்ணை இயல்பு வரம்புக்குள் தூக்கிக் காட்டிவிடும். இங்கே சி.ஆர்.பி.யைச் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்.

ரிப்போர்ட்டுகளை ஒப்பிடும்போது அலகையும் பார்க்க வேண்டும். சில லேப்கள் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு மில்லிகிராமாகவும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராமாகவும் தருகின்றன. முன்னதில் 12 என்பதும் பின்னதில் 1.2 என்பதும் ஒரே அளவுதான்.