பனிக்கட்டியின் அடியில்

மார்கழி, தை மாதங்களில் எங்கள் வட்டவடைக்கு வருவோர் முதலில் கேட்கும் கேள்வி, “இதுவும் கேரளந்தானா?” என்பதே. இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி, 1,450 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், படிப்படியாய் அமைந்த வயல்களின் நடுவே உள்ளது எங்கள் ஊர். பேச்சு தமிழ், பயிர் வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ், காரட். முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர் என்பது ஊர் வழக்கு. அது நிற்க.

சென்ற மாதம் எங்கள் விடுதியில் ஒரு படம் காட்டினார்கள். கனடாவின் வடபால் ஓர் ஏரி. கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மை. ஒருவர் பனிக்கட்டியில் துளையிட்டு, முழ நீளத் தூண்டிலை உள்ளே விட்டு, முக்காலியில் அமர்ந்திருக்கிறார். சற்றைக்கெல்லாம் முழங்கை நீள மீனொன்று துள்ளி வெளியே வருகிறது! வரும் ஆண்டு மேற்படிப்பிற்காக அந்நாடு செல்லவிருக்கும் நண்பர் ஒருவர் என் பக்கம் திரும்பி, “நீர்தான் பனி பெய்யும் ஊர்க்காரராயிற்றே, சொல்லும். ஏரியே உறைந்து கிடக்க, மீன் மட்டும் எப்படி உறையவில்லை?” என்றார்.

எனக்கு எங்கள் வயல் நினைவுக்கு வந்தது. நான் பள்ளியில் படித்த நாளில், ஒரு தை மாத விடியலில், அப்பா என்னை எழுப்பி வெளியே அழைத்துச் சென்றார். உருளைச் செடிகளின் மேல் உப்பைத் தூவியதுபோல் உறைபனி. வாசலில் வைத்த அண்டா நீரில் கண்ணாடித் தகடுபோல் ஓர் ஆடை. வெயில் ஏறியதும் இலைகளெல்லாம் வெந்நீர் ஊற்றியவை போலச் சுருண்டு கருத்தன. மூன்று மாத உழைப்பு ஒரே இரவில் போயிற்று. அவ்வாண்டு என் விடுதிக் கட்டணத்திற்கு அம்மாவின் வளையல் அடகுக்குச் சென்றது. ஆனால் வயலுக்குக் கீழே ஓடையில் சிறு மீன்கள் என்றும்போல் ஓடிக்கொண்டிருந்தன. செடியைக் கொன்ற குளிர் மீனை ஏன் விட்டது? நண்பரின் கேள்வியும் இதுதானே!

மேகமும் காற்றும் இல்லாத இரவில், இலை தன் வெப்பத்தை வானை நோக்கி வீசிவிடுகிறது. மெல்லிய இலையில் சேமிப்பு எவ்வளவு இருக்கும்? சுற்றியுள்ள காற்றைவிட அது விரைவில் குளிர்ந்துபோகும். குளிர்ந்த காற்று கனமானதாகையால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவேதான் எங்கள் ஊரில் மேட்டு வயலைவிடப் பள்ளத்து வயல் முதலில் கருகுகிறது. இலையின் உள்ளிருக்கும் நீர் உறைந்து, நுண்ணறைகள் சிதைகின்றன. 2019 சனவரியில் மூணாற்றை அடுத்த தேயிலைத் தோட்டங்களில் வெப்பநிலை சுழிக்குக் கீழே இறங்கிற்று. பார்க்க வந்தவர்கள் படம் பிடித்து மகிழ்ந்தார்கள், கொழுந்து கருகியதைக் கண்டு தோட்டத்தார் வருந்தினார்கள்.

நீரின் குணம் வேறு. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கும். நீரும் 4 பாகை செண்டிகிரேடு வரை அப்படியே செய்யும். அதற்குக் கீழே குளிர்ந்தால் விரியத் தொடங்கும்! ஏரியின் மேல்நீர் இலையுதிர் காலத்தில் குளிர்ந்து கனத்து அடியில் இறங்க, அடிநீர் மேலே வரும். இவ்வாறு புரண்டு புரண்டு ஏரி முழுவதும் 4 பாகையை அடைந்தபின், மேலும் குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கி அங்கேயே உறைகிறது. பனிக்கட்டி, தான் உறைந்த நீரைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் மிகுந்தது, ஆகவே மிதக்கிறது. பின் அதுவே கம்பளிபோல் மூடி, கீழுள்ள வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. நீர் மட்டும் அடியிலிருந்து உறையும் இயல்பினதாயின், வடநாட்டு ஏரிகளில் மீன் ஏது?

நம் மலைகளில் ஏரி மேல் நடக்குமளவு குளிர் இல்லை. எனினும் குளிர்நீர் மீன் உண்டு. நீலகிரியில் டிரௌட் மீனை வளர்க்க 1860களில் பிரான்சிசு டே முயன்று தோற்றார். பின்னர் 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வென்றார். மூணாற்றுப் பக்கம் இரவிகுளத்து ஓடைகளிலும் தோட்ட அதிபர்கள் அதை விட்டார்கள். கரைப்புல் உறைபனியில் வெளுத்து நிற்க, ஓடையில் டிரௌட் நீந்தும்.

இனி, நண்பருக்காகச் சொல்ல வேண்டியது. படத்தில் கண்ட மீன்பிடிப்பு இளவேனில் தொடக்கத்தில் நடப்பது. நீண்ட குளிர்காலத்தில் பனிமூட்டத்தின் கீழ் வெளிச்சம் குன்றி, நீர்ப்பாசிகள் உயிர்வளி தருவதும் குன்றும். ஆழமற்ற ஏரிகளில் மீன்கள் மூச்சு முட்டி இறப்பதும் உண்டு. பகல் நீண்டு, உருகிய நீர் ஓடைகளின் வழியே ஏரிக்குள் இறங்கும்போது புது உயிர்வளி வருகிறது. மீன்கள் ஓடை வாய்க்கும் கரையோரத்திற்கும் வந்து நன்றாக இரை எடுக்கின்றன. தூண்டிற்காரருக்குக் கொண்டாட்டம். ஆனால் பனிக்கட்டி முதலில் நலிவதும் அவ்விடங்களில்தான்!

புதிதாய் உறைந்த தெளிந்த கட்டி 10 செண்டிமீட்டர் பருமன் இருந்தால் ஓர் ஆள் நடக்கலாம் என்பது அந்நாட்டார் கைக்கொள்ளும் கணக்கு. இக்கணக்கு இளவேனிலுக்குப் பொருந்தாது. வெயில் உள்ளே புகுந்து, பளிங்குத் துண்டுகளின் இணைப்புகளை உருக்கிவிடும். முழப் பருமன் இருக்கும், ஆனால் மெழுகுவத்திக் கட்டுபோல் தனித்தனிக் குச்சிகளாய் நிற்கும். பருமனை அளந்து ஏமாறுவோர் இக்காலத்தில்தான் மிகுதி. கருத்துச் சாம்பல் நிறமான கட்டியின் மேல் காலே வைக்கக்கூடாது. அனுபவமுள்ளோர் கடப்பாறையால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள், தனியே போகமாட்டார்கள், கூர் ஆணி பதித்த இரண்டு மரப்பிடிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். விழுந்துவிட்டால், வந்த திசைக்கே திரும்பி, கால்களை உதைத்து, ஆணிகளை விளிம்பில் குத்தி உடலை இழுத்து, எழுந்து நிற்காமல் உருண்டே விலகவேண்டும். எழுந்து நின்றால் மறுபடியும் உடையும்.

நண்பர் இவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். “உங்கள் ஊரில் பயிரைக் காக்க வழியில்லையா?” என்று கேட்டார். உண்டு. விடியுமுன் அப்பா இலைகளின் மேல் நீர் தெளிப்பார். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. இலை சுழிக்குக் கீழே போகாமல் அது தாங்கும். வெயில் பட்டுத் திடீரென உருகாமல் மெல்ல உருகவும் அந்நீர் உதவும். இடையில் தெளிப்பதை நிறுத்தினால் கேடு முன்னிலும் மிகும். அப்பாவுக்குக் கலோரிக் கணக்குத் தெரியாது. எந்நேரம் எழவேண்டும் என்பது தெரியும்.

தை விடுமுறையில் நண்பர் எங்களூருக்கு வருகிறார். கம்பளி இரண்டு கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். நாலு மணிக்கு எழுப்புவோம் என்பதை இன்னும் சொல்லவில்லை.