இடுப்பு முறிவும் நரம்பு மரப்பும்

முதுமையில் இடறி விழுவோருக்குத் தொடையெலும்பின் கழுத்து முறிவதுண்டு. அசையாது கிடந்தால் பொறுக்கலாம். எக்ஸ்ரே எடுக்கப் புரட்டினால் உயிர் போகும் வலி. மார்ஃபின் வலியைத் தணிக்கும். ஆனால் தளர்ந்த உடலில் மூச்சு மந்தமாகும், சித்தமும் கலங்கும். வலியை அடக்காது விட்டாலும் சித்தம் கலங்கக்கூடும் என்பதே சிக்கல்.

தொடை நரம்பு, கவட்டியில் இலியாக்கஸ் தசையுறைக்கு அடியில் ஓடுகிறது. அவ்வுறைக்கடியில் மரப்பு மருந்து செலுத்தும் முறையை 1989-இல் டாலன்ஸ் குழுவினர் குழந்தைகளுக்கென விவரித்தனர். இன்று முதியோருக்கும் உதவுகிறது. சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் நுழையும் வாயில் அடைபடுவதால் வலித் தூண்டல் மூளையை எட்டுவதில்லை. தேர்வுக்காக நாம் உருப்போடும் அயனிப் பாடம்தான் இது! 2017-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அரைமணி நேரத்திற்குள் அசைவு வலி குறைவதாகக் கண்டது. புப்பிவாக்கெயின் இரத்தக் குழாயில் புகுந்தால் இதயம் தடுமாறும். ஆதலால் ஊசிக்குழலில் இரத்தம் ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்தே செலுத்துவர்.