கறுப்பு ஜன்னல் திறக்கிறது, பலகை எங்கே?

கேள்வி: இங்கே ஒரு பீங்கான் பொம்மைத் தொழிலகத்தில் சூளை வேலை பார்க்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் செஸ் போட்டிகளுக்குப் போய்வருகிறாள். பழைய கம்ப்யூட்டரில் ஸ்டாக்ஃபிஷ் இறக்கினோம். கறுப்பு ஜன்னல் ஒன்றுதான் திறக்கிறது, பலகையைக் காணோம். என்ன செய்வது? தினமும் அதோடு ஆடவிடலாமா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. ஸ்டாக்ஃபிஷ் கணக்குப் போடும் எஞ்ஜின் மட்டும்தான். பலகையும் காய்களும் காட்டத் தனி மென்பொருள் வேண்டும். விண்டோஸுக்கு ‘அரீனா’ இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘எஞ்ஜின்ஸ்’ மெனுவில் ‘இன்ஸ்டால் நியூ எஞ்ஜின்’ போய், நீங்கள் இறக்கிய கோப்பைக் காட்டுங்கள். வகை கேட்டால் ‘யுசிஐ’ என்று கொடுங்கள். எஞ்ஜினும் பலகையும் பேசிக்கொள்வதற்காக 2000-இல் வந்த விதிமுறை அது.

எஞ்ஜின் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டால், உங்கள் பழைய பிராசஸருக்கு ஒத்துவராத பதிப்பை இறக்கியிருப்பீர்கள். ‘ஏவிஎக்ஸ்2’ என்று இருப்பதை விட்டுவிட்டு ‘எஸ்எஸ்இ41-பாப்கவுன்ட்’ பதிப்பை எடுங்கள். எஞ்ஜின் பயன்படுத்தும் நினைவக அளவான ‘ஹேஷ்’ 16 எம்பியில்தான் இருக்கும். 4 ஜிபி ராம் இருந்தால் 256 ஆக்கலாம். ‘மல்டி பிவி’-யை 3 ஆக்கினால் மூன்று நல்ல நகர்வுகளை வரிசையாகக் காட்டும். ஒரே ஒரு விடையைக் காட்டுவதைவிடப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவோ மேல்.

எஞ்ஜின் காட்டும் மதிப்பெண்ணில்தான் பலரும் குழம்புகிறார்கள். கூட்டல் குறி வெள்ளைக்குச் சாதகமா, நகர்த்த வேண்டியவருக்குச் சாதகமா என்பது மென்பொருளின் அமைப்பைப் பொறுத்தது. கறுப்பின் ராணியை எடுத்துவிட்டு, கறுப்பு நகர்த்தும் நிலையில் வைத்துப் பாருங்கள். கூட்டல் வந்தால் வெள்ளைக்கு, கழித்தல் வந்தால் நகர்த்துபவருக்கு. இன்றைய ஸ்டாக்ஃபிஷில் +1.00 என்றால், சம பலமுள்ள எஞ்ஜின்கள் அங்கிருந்து ஆடினால் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம் என்று பொருள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

தினமும் அதோடு ஆடவிடாதீர்கள். உலக சாம்பியனையே தோற்கடிக்கும் எஞ்ஜினிடம் தினம் தோற்றால் பிள்ளைக்கு ஆட்டமே வெறுத்துப்போகும். 2024-இல் உலக சாம்பியனான குகேஷுக்குச் சென்னையில் பயிற்சி தந்த விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்ஜின் பக்கமே விடவில்லை. 2019-இல் 12 வயதில் அந்தப் பட்டம் வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் போட்டி முடிந்து வந்ததும், எங்கே தடுமாறினோம், அப்போது என்ன நினைத்தோம் என்பதை மகள் தன் கையால் நோட்டில் எழுதட்டும். அதன் பிறகே எஞ்ஜினைப் போடுங்கள்.

முதல் பயிற்சிக்கு, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியில் டிங் லிரெனும் குகேஷும் ஆடிய 14ஆவது ஆட்டத்தை அரீனாவில் ஏற்றுங்கள். 54ஆவது நகர்வின் முடிவிலும் எஞ்ஜின் ஏறக்குறைய டிரா என்றுதான் காட்டும். 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே எஞ்ஜினை நிறுத்திவிட்டு, கறுப்பு எப்படி வெல்கிறது என்று மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.